வேண்டாத அதிகாரங்கள்

குன்னூர்
2.7.2000

அன்புள்ள நெல்சன் சாருக்கு,

ஜூடித் எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் இங்கே நான் சுகம், ஜலதோஷம் ஒன்றைத் தவிர. நீங்கள் அங்கே எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியாதவரைக்கும் அதுவும் பாதி சுகம்தான்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் இந்த ‘சார்’ என் வாயை விட்டுப் போகவில்லை. ஃபேக்டரி ஆபீஸில் உங்களிடம் கம்ப்யூட்டர் வேலை பழகிய வாய் அது. பக்கத்து வீட்டு பிலோமி அக்கா கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார். "கட்டுன புருசனைச் சாருன்னு கூப்பிடறவ இந்த மலையிலயே நீ ஒருத்திதான் கண்ணு" என்கிறார். நீங்கள் எதிரில் இருந்தால் மாற்றிக்கொள்ளப் பார்ப்பேன்.

தேயிலை விலை இன்னும் கீழேதான் போகிறது. விவசாயிகள் பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று செடியை அப்படியே வளர விட்டுவிடுகிறார்கள். ஜெகதளா ஃபேக்டரியிலிருந்து பஸ்ஸில் வரும்போது பார்க்கிறேன், சில தோட்டங்களில் தேயிலை ஆள் உயரம் நிற்கிறது. ஏப்ரலில் முதலாளி நம் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "கம்ப்யூட்டருக்கு ரெண்டு சம்பளம் இனிக் கட்டாதுங்க" என்றபோது நீங்கள் உடனே, "நான் போறேனுங்க, ஜூடித் இருக்கட்டும். விலை ஏறினதும் வந்துடறேன்" என்றீர்கள். பக்கத்தில் நின்ற என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, அதை விடுங்கள்.

புதன்கிழமை சாயங்காலம் ஆபீஸ் போன் அடித்தது. எடுத்தால் காதுக்குள் ஒரே கீச்சு. பயந்து வைத்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது, நீங்கள் பெங்களூரிலிருந்து மோடம் வழியாக நம் மெஷினுக்குள் வர லைன் போட்டிருக்கிறீர்கள். கெடுத்தது நான்தான், மன்னிக்கவும். இனி ஆறு மணிக்கு மேல் போனைத் தொட மாட்டேன். ஆனாலும் உங்களிடமிருந்து வந்த சத்தம் அது ஒன்றுதான், இந்த ஒரு மாதத்தில்.

எப்போது வருகிறீர்கள்?

அன்புடன்,
ஜூடித்


பெங்களூர்
9.7.2000

அன்புள்ள ஜூடித்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகமாக இருக்கிறேன். சாப்பாடு பரவாயில்லை. ஜலதோஷத்தோடு மழையில் நடக்காதே, குடை கொண்டு போ.

ஒரு முக்கியமான வேலை சொல்கிறேன், கவனமாகக் கேள். இங்கே எங்கள் கம்பெனி பார்த்துக்கொள்ளும் ஒரு ஆபீஸில் போன வாரம் யாரோ மெஷினுக்குள் புகுந்து, ரூட்டாகவே ஆகிவிட்டான். பாஸ்வேர்டு தெரிந்து அல்ல. அங்கே யாரும் தொடாமல் கிடந்த ஒரு சின்னப் புரோகிராமின் ஓட்டை வழியாக. எனக்கு உடனே நம் ஃபேக்டரி ஞாபகம் வந்தது. அதில் இருப்பது அத்தனை விவசாயிகளின் இலை எடை. இந்த நேரத்தில் அதில் யாராவது கை வைத்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

விஷயம் இதுதான். நம் மெஷினில் ஓடும் லினக்ஸில் எல்லா அதிகாரமும் உள்ளவர் ரூட். சில புரோகிராம்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு, யார் ஓட்டினாலும் அவை ரூட்டின் அதிகாரத்தோடு ஓடும். நம் முதலாளியின் ஜீப் வந்தால் வாட்ச்மேன் என்ன செய்வார்? யார் ஓட்டுகிறார் என்று பார்க்கவே மாட்டார், சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்துவிடுவார். அதேதான். சில வேலைகளுக்கு அது தேவை. ஆனால் மெஷின் கைக்கு வரும்போதே இப்படி ஏராளமான ஜீப்புகளைச் சாவியோடு நிறுத்தி வைத்துத்தான் தருகிறார்கள். நாம் அவற்றை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

மெஷின் முன்னால் உட்கார்ந்து, நான் போகும்போது கொடுத்த பாஸ்வேர்டில் ரூட்டாக உள்ளே போ. இத்துடன் வைத்திருக்கும் துண்டுத்தாளில் எழுதியிருக்கும் வரியை அடி, எல்லாப் பெயரும் வரும். அனுமதி வரிசையில் ‘எக்ஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘எஸ்’ என்று இருக்கும். அதுதான் அடையாளம். பட்டியலை எனக்கு எழுதி அனுப்பு. எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்கிறேன். புரோகிராமை அழிக்க வேண்டாம், அந்த எஸ்ஸை மட்டும் எடுத்தால் போதும்.

பிலோமி அக்காவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
நெல்சன்


குன்னூர்
16.7.2000

அன்புள்ள நெல்சன் சாருக்கு,

ஜலதோஷம் போய்விட்டது. குடை ஏற்கெனவே காற்றில் திருப்பிக்கொண்டு உடைந்துவிட்டது, நீங்கள் சொல்வதற்கு முன்பே. நீங்கள் சுகம்தானே? ‘பரவாயில்லை’ என்றால் சாப்பாடு நன்றாக இல்லை என்று அர்த்தம். எனக்குத் தெரியாதா?

எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருந்தேன். பதிலுக்கு ஒரு கட்டளை வரி வந்திருக்கிறது. சரி, அடித்தேன். அம்மாடி, ஒரு முழுத்தாள்! இதோ தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இதில் பாதிப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. விளையாட்டுக்குக்கூட எதற்கு எஸ்? எடை போடும் எல்லப்பன் லாரி வராத நேரத்தில் மெஷினில் சீட்டு விளையாடுவது ரூட்டின் அதிகாரத்தோடா? அவரிடம் சொன்னேன். "அடடே, அப்ப நான்தானுங்க இத்தனை நாளா முதலாளி" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். தன்னுடைய முழுப்பெயரைத் தானே மாற்றிக்கொள்ள ஒரு புரோகிராம் இருக்கிறதே, அதிலும் எஸ் இருக்கிறது. கல்யாணம் முடிந்து லீவிலிருந்து திரும்பிய அன்று நான் முதலில் ஓட்டியது அதைத்தான். ஜூடித் பிராங்ளின் என்று இருந்ததை ஜூடித் நெல்சன் என்று மாற்றினேன். உங்களிடம் சொல்லவில்லை, வெட்கம். அதையும் எடுக்க வேண்டுமா?

மழை விடவே இல்லை. துணி காய்வதில்லை. உங்கள் பழுப்பு ஸ்வெட்டரை நான்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
ஜூடித்


பெங்களூர்
30.7.2000

அன்புள்ள ஜூடித்துக்கு,

நலம். நலமறிய ஆவல். வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

பட்டியல் அருமை. விளையாட்டுகள், வேறு மெஷினுக்குப் போக வைத்திருக்கும் ஆர் என்று தொடங்கும் மூன்றும், பேக்கப் எடுக்கிற இரண்டு, பிளாப்பி பொருத்துகிற மவுண்ட், பிங் எல்லாவற்றிலும் எஸ்ஸை எடுத்துவிடு. பெயர் மாற்றுகிறதும் வேண்டாம். ஒருமுறை மாற்றியாகிவிட்டதே, இனி எதற்கு?

மற்றவற்றுக்கு ஒரு பொது விதி வைத்துக்கொள். ஆபீஸில் யாரும் கையால் அடித்து ஓட்டாத புரோகிராம் என்றால் எடுத்துவிடலாம்.

ஸ்வெட்டர் உன்னிடமே இருக்கட்டும். இங்கே குளிர் இல்லை.

அன்புடன்,
நெல்சன்


குன்னூர்
14.8.2000

அன்புள்ள நெல்சன் சாருக்கு,

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் வேண்டும். சனிக்கிழமை மட்டும் சுகமாக இல்லை. உங்கள் பொது விதியைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள்.

எல்.பி.ஆர். என்று ஒன்று. ஆபீஸில் அதை யாரும் கையால் அடிப்பதில்லை. எடுத்துவிட்டேன். நான் ரூட்டாக இருந்து ஒரு தாள் பிரிண்ட் போட்டும் பார்த்தேன், அழகாக வந்தது. சனிக்கிழமை மாதச் சீட்டுக் கொடுக்கும் நாள். அவரவர் மாதம் முழுக்கப் போட்ட இலை எடையை அச்சடித்துக் கொடுப்போமே, அது. எல்லப்பன் பட்டனை அழுத்துகிறார், ஒன்றும் வரவில்லை. பிரிண்டர் அசையவே இல்லை. எடைப் புரோகிராம் உள்ளுக்குள் அந்த எல்.பி.ஆரைத்தான் கூப்பிடுகிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

கேட்டில் கூட்டம். விலை விழுந்து நொந்துபோய் வந்திருக்கிறவர்கள். சீட்டு இல்லை என்றதும் முதலாளி எடையை மறைக்கிறார் என்று பேச்சு கிளம்பிவிட்டது. மருதாம்பாள் அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க அம்மணி, வெல போச்சு, சரி. எங்க எடையையுமா உங்க கம்ப்யூட்டரு முழுங்கிருச்சு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அழுகிற குரலில் கேட்டார்.

மறுபடி போட்டுப் பார்த்தேன். நான் ரூட்டாக இருந்து போட்டால் வருகிறது, எல்லப்பன் போட்டால் வரவில்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எல்.பி.ஆருக்கு எஸ்ஸைத் திரும்பக் கொடுத்தேன், சீட்டு கடகடவென்று வந்தது. கடைசி ஆள் வாங்கிக்கொண்டு போகும்வரை கேட்டிலேயே நின்று எல்லோரிடமும் தப்பு என்னுடையது என்று சொன்னேன். முதலாளி திட்டவில்லை. "நெல்சன் இருந்திருந்தா இது ஆகியிருக்காதில்லீங்களா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

பெயர் மாற்றுகிறதையும் எடுத்துவிட்டேன். இனிமேல் ரூட் மனசு வைத்தால் ஒழிய நான் ஜூடித் நெல்சன்தான்.

பிலோமி அக்கா உங்களை விசாரித்தார். நானும் விசாரித்ததாக எழுதச் சொன்னார், கேலி.

அன்புடன்,
ஜூடித்


பெங்களூர்
20.8.2000

அன்புள்ள ஜூடித்துக்கு,

கடிதம் பார்த்தேன். தப்பு என்னுடையது. உன்னைத் தனியே அந்தக் கூட்டத்தின் முன்னால் நிற்க வைத்துவிட்டேன். ரூட்டின் நாற்காலியில் இருந்து பார்த்தால் எப்போதும் எல்லாம் சரியாகத்தான் தெரியும். எல்லப்பனாக உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும்.

விதியை மாற்றிக்கொள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி கேள். இதை உபயோகிக்கிறவர் அங்கே இருக்கிறாரா? இது இல்லாவிட்டால் அவருடைய வேலை நிற்குமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் தொடாதே. இல்லை என்றால் எடுத்துவிடு. உனக்கு மெஷினும் தெரியும், அதன் முன்னால் உட்காருகிறவர்களையும் தெரியும். இனி என்னைக் கேட்க வேண்டாம்.

இன்னொன்று. வெளியிலிருந்து லைனில் வருகிற யாரும் நேராக ரூட்டாக நுழைய முடியாதபடி வைத்திருக்கிறேன், அதை மாற்றிவிடாதே. நானே முதலில் சாதாரண நெல்சனாகத்தான் வருகிறேன். உள்ளே வந்த பிறகு எஸ்யூ என்று அடித்து, பாஸ்வேர்டு கொடுத்து ரூட்டாக மாறுகிறேன். மெஷின் முன்னால் இருக்கும் நாற்காலிக்கு மட்டும்தான் நேர்வழி.

நேற்று இலை எடைக் கோப்பைப் பார்த்தேன். வாரத்தில் மூன்று நாள்தான் பதிவு இருக்கிறது. மற்ற நாள் ஃபேக்டரி ஓடவில்லையா? நீ சொல்லவே இல்லையே. உன் சம்பளம் எப்படி? பணம் அனுப்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
நெல்சன்


குன்னூர்
24.9.2000

அன்புள்ள நெல்சன் சாருக்கு,

உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்களும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது, ஜூன் மாதத்திலிருந்தே. சம்பளமும் அதற்கேற்ற மாதிரிதான். சொன்னால் நீங்கள் பணம் அனுப்புவீர்கள், ஆள் வர மாட்டீர்கள். அதனால் சொல்லவில்லை. அனுப்பியது வந்து சேர்ந்தது.

ஃபேக்டரி ஓடாத நாளிலும் நான் சாயங்காலம் ஆபீஸுக்குப் போகிறேன். முதலாளி கேட்டார், "லீவு நாள்ல எதுக்கும்மா பஸ்ஸுக்குக் காசு செலவு பண்ற?" என்று. பேக்கப் எடுக்க என்றேன். மலை முழுக்கப் பனிமூட்டம், டிரையர் ஓடாததால் ஃபேக்டரியில் தேயிலை வாசமே இல்லை. இத்தனை வருஷத்தில் அந்த வாசமில்லாத ஃபேக்டரியை நான் பார்த்ததில்லை. ஆபீஸில் நானும் மெஷினும்தான்.

இப்போது உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்க ஒரு கட்டளை உண்டு இல்லையா? அடித்தால் என் பெயர் மட்டும் வரும். ஆறரை மணிக்கு மோடம் கீச்சிடும். மறுபடி அடித்தால் என் பெயருக்குக் கீழே உங்கள் பெயர். வேலை முடிந்ததும் போய்விடும். நானும் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன்.

நீங்கள் சொன்ன இரண்டு கேள்வியையும் வைத்துக்கொண்டு நிறைய எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றையும் எல்லப்பனாகப் போய்ப் பார்த்த பிறகுதான். பாஸ்வேர்டு மாற்றுகிறதைத் தொடவில்லை, எல்.பி.ஆரைத் தொடுவேனா? இப்போது பட்டியல் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். அதில் ரைட் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கும் ஒருவர் இன்னொருவர் ஸ்கிரீனில் ஒரு வரி எழுத உதவுகிறது. அதற்கும் கொஞ்சம் அதிகாரம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். இதில் மட்டும் எனக்கு முடிவு எடுக்கத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், அது வேண்டுமா?

கிறிஸ்துமஸுக்கு லீவு சொல்லி வைத்துவிட்டீர்களா?

அன்புடன்,
ஜூடித்


பெங்களூர்
29.10.2000

அன்புள்ள ஜூடித்துக்கு,

நலம்தானே? ஒரு மாதத்துக்கு மேல் எழுதவில்லை. எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டே நாள் போய்விட்டது.

கம்பெனி என்னை துபாய்க்கு அனுப்புகிறது. ஜனவரி முதல் வாரம், பம்பாய் வழியாக. இரண்டு வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. நல்ல சம்பளம். இந்த விலையில் தேயிலையை நம்பி உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை என்று உனக்கும் தெரியும். டிசம்பர் கடைசிவரை இங்கே பயிற்சி, அதனால் கிறிஸ்துமஸுக்கு மலைக்கு வர முடியாது போலிருக்கிறது. வருத்தமாகத்தான் இருக்கிறது.

முதலாளியிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல். லைன் இருந்தால் போதும். பெங்களூரிலிருந்து பார்த்தால் என்ன, துபாயிலிருந்து பார்த்தால் என்ன, மெஷினுக்கு ஒன்றுதான். நேரில் ஆள் வரத் தேவையே இல்லை.

ரைட் வேண்டாம், எடுத்துவிடு. அங்கே யார் யாருக்கு எழுதப் போகிறார்கள்?

மழை பலமாக இருப்பதாகப் பேப்பரில் பார்த்தேன். ரோட்டில் மண் சரிந்தால் ஆபீஸ் போகாதே.

அன்புடன்,
நெல்சன்


குன்னூர்
8.11.2000

அன்புள்ள நெல்சன் சாருக்கு,

கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறேன். மழை நின்றுவிட்டது. துபாய்க்குப் பருத்திச் சட்டை நிறைய வேண்டியிருக்கும் என்று பிலோமி அக்கா சொன்னார்.

ரைட்டை எடுக்கவில்லை. வேறு ஒன்றை எடுத்தேன். உங்கள் இரண்டு கேள்வியையும் கேட்டுப் பார்த்துத்தான்.

ஜூடித்


பெங்களூர்
26.11.2000

அன்புள்ள ஜூடித்துக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

எதை எடுத்தாய்? போன வாரம் முழுக்க முயற்சி செய்து பார்த்துவிட்டேன். நெல்சனாக உள்ளே வர முடிகிறது. எஸ்யூ அடித்துப் பாஸ்வேர்டு கொடுத்தால் தப்பு என்கிறது. எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்தேன், அதே பதில். யாரோ ரூட் பாஸ்வேர்டை மாற்றிவிட்டான் என்று பயந்துவிட்டேன். முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் சாவகாசமாக, "எல்லாம் நல்லா ஓடுதுங்களே நெல்சன், சீட்டெல்லாம் டாண்ணு வருது. ஜூடித்கிட்டக் கேளுங்க" என்கிறார்.

பாஸ்வேர்டை நீ மாற்றினாயா? வேறு யாருக்காவது சொன்னாயா? இது விளையாட்டு இல்லை, ஜூடித். நான் இரண்டு வருஷம் வெளிநாட்டில் இருக்கப்போகிறேன். அங்கிருந்து அந்த மெஷினைப் பார்த்துக்கொள்ள எனக்கு இருப்பது அந்த ஒரே வழிதான். உடனே பதில் எழுது.

நெல்சன்


குன்னூர்
2.12.2000

அன்புள்ள நெல்சன் சாருக்கு,

உங்கள் கடிதத்தில் ‘அன்புடன்’ இல்லை. பார்த்தேன். என் போன கடிதத்திலும் இல்லை, அதனால் சரிக்குச் சரி. உடம்பு நன்றாக இருக்கிறதா? என் உடம்புக்குக் குறைவில்லை.

பாஸ்வேர்டு மாறவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. நான் எடுத்தது எஸ்யூவில் இருந்த எஸ்ஸைத்தான். அது இல்லாவிட்டால் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் தப்பு என்றுதான் சொல்லும் என்று எல்லப்பனாகப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கேள்வி ஒன்று: இதை உபயோகிக்கிறவர் அங்கே இருக்கிறாரா? இல்லை. இந்த ஃபேக்டரியில் எஸ்யூவை உபயோகிக்கிற ஒரே ஆள் நீங்கள், நீங்கள் இங்கே இல்லை. கேள்வி இரண்டு: இது இல்லாவிட்டால் அவருடைய வேலை நிற்குமா? நிற்கும் என்று தெரியும். ஆனால் இரண்டுக்கும் ஆமாம் என்றால்தானே தொடக்கூடாது? நீங்கள் எழுதிக் கொடுத்தது அப்படித்தான்.

இதைச் சொல்லிவிட்டு நல்ல பிள்ளை மாதிரி நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அது முழு உண்மை இல்லை. விதிக்காக எடுக்கவில்லை. நீங்கள் எழுதியிருந்தீர்கள் இல்லையா, நேரில் ஆள் வரத் தேவையே இல்லை என்று? அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு மெஷினையே தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். விவசாயிகளின் எடை அதில் இருக்கிறது, அதனால் உடைக்கவில்லை. அவர்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை, பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த மாதச் சீட்டை நானே நின்று கொடுத்தேன். மருதாம்பாள் அக்கா எடையைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சரியாக இருக்கிறது என்றார்.

சாயங்காலம் பேக்கப் எடுக்கப் போகிறேன் என்று சொன்னது பொய். உங்கள் பெயரைப் பார்க்கப் போகிறேன். நீங்கள் வேலை செய்யும் நேரம் முழுக்க அந்தப் பெயருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். ரைட் என்று அடித்து, நெல்சன் என்று அடித்து, பிறகு என்ன எழுதுவது என்று தெரியாமல் அழித்துவிடுவேன். சாப்பிட்டாச்சா என்று எழுதலாம். ஆனால் நீங்கள் ஒருநாளாவது முதலில் எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். நான் உள்ளே இருப்பது உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ‘யார் யாருக்கு எழுதப் போகிறார்கள்’ என்று நீங்கள் கேட்டதும் தெரிந்துவிட்டது, உங்களுக்குத் தெரியாது என்று.

உங்களைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். துபாய்க்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போகலாம், போகாமலும் இருக்கலாம், ஆனால் ஏப்ரலில் செய்தது போலப் பக்கத்தில் நிற்கிறவளைக் கேட்காமல் போகக்கூடாது. கேட்க வேண்டும் என்றால் நேரில் வந்துதான் கேட்க வேண்டும்.

எனக்கும் ரூட் பாஸ்வேர்டு தெரியும். ஒரு வரி அடித்தால் எஸ்யூவுக்கு அதிகாரம் திரும்பிவிடும். அடிக்க மாட்டேன். முதலாளியிடம் சொல்லி என்னை அடிக்க வைக்கலாம், அவர் சொன்னால் அடிப்பேன். அதற்குப் பிறகு உங்களிடம் எதுவும் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
ஜூடித்


பெங்களூர்
14.12.2000

அன்புள்ள ஜூடித்துக்கு,

நான் சுகமாக இல்லை. மெஸ் சாப்பாடு ஆரம்பத்திலிருந்தே நன்றாக இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்று கையில் போனை எடுத்தேன், முதலாளிக்குச் சொல்லி எஸ்யூவைத் திரும்ப வைக்கச் சொல்லலாம் என்று. நம்பரையும் சுழற்றிவிட்டேன். மணி அடிக்கும் முன் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் பழக்க தோஷத்தில் லைன் போட்டு உள்ளே வந்தேன். வெறும் நெல்சன். லாக் பதிவைப் பார்க்க முடியாது, கோப்பைத் திருத்த முடியாது, ஒன்றும் செய்ய முடியாது. எட்டு மாதமாக உள்ளே வந்ததும் ரூட்டாகி, வேலையை முடித்து, வெளியே போய்க்கொண்டிருந்தேன். அன்று செய்ய வேலை இல்லாததால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். உன் பெயர் இருந்தது. நீ கொடுத்துக்கொண்ட முழுப்பெயரையும் எடுத்துப் பார்த்தேன். ஜூடித், நான் இதற்கு முன்னால் ஒருநாள்கூட அந்தக் கட்டளையை அடித்துப் பார்த்ததில்லை. நீ காத்திருந்தது தெரியாது என்றுகூட நான் சொல்லக்கூடாது. தெரிந்துகொள்ளப் பார்க்கவில்லை.

உன் ஸ்கிரீனில் எழுதக் கை வரவில்லை. லைன் வழியாகச் சொல்லக்கூடியது எதுவும் மிச்சமில்லை என்று தோன்றியது. நீ கடைசி பஸ்ஸுக்குப் போகும்வரை உன் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நானும் வெளியே வந்தேன். எஸ்.டி.டி. பில் எவ்வளவு ஆகும் என்று முதல்முறையாக யோசிக்கவில்லை. எட்டு மாதமும் உன் மேல் எனக்கு ஏக்கம் இல்லாமல் இல்லை. வேலையில் அதை மூடி வைத்திருந்தேன். வேலையை நீ எடுத்துவிட்டாய்.

இன்று மேனேஜரைப் பார்த்தேன். மலையில் ஒரு மெஷின் இருக்கிறது, நேரில் போக வேண்டும் என்றேன். "லைன் போட்டு இங்கிருந்தே பார்க்க முடியாதா?" என்றார். முடியாது சார் என்றேன். துபாய்க்கு டிக்கெட் போட்டாகிவிட்டதே என்றார். அதற்கு முன்னால் ஒருவரைக் கேட்க வேண்டும், கேட்காமல் பதில் சொல்ல முடியாது என்றேன். கோபத்தோடுதான் தாளில் கையெழுத்துப் போட்டார்.

22-ஆம் தேதி வெள்ளிக்கிழமை ராத்திரி மைசூர் வழி பஸ் ஏறுகிறேன். சனிக்கிழமை காலை ஊட்டியில் இறங்கி, முதல் பஸ்ஸில் குன்னூர் வந்துவிடுவேன். எஸ்யூவைத் தொடாதே, அப்படியே இருக்கட்டும்.

எத்தனை நாள் லீவு என்று மேனேஜர் கேட்டார். ஜூடித்தைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

அன்புடன்,
உன் நெல்சன்